பானைமேட்டில் இருபத்தெட்டு சதுரம்

ஷாஹீதாவுக்கு உட்காரத் தெரியாது. இது நோயா, குணமா என்பதில் உத்திரமேரூர் கடைத்தெருவில் இரண்டு கட்சி உண்டு. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். ரோட்டோரம் யாராவது பள்ளம் தோண்டியிருந்தால் நின்றால்தான் நன்றாகத் தெரியுமாம். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பந்தலுக்குக் குழி எடுத்த மண்ணைப் பார்ப்பாள். கல்லூரி ஆசிரியர் அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. பன்னிரண்டு வருடமாக அதில் மற்றவர்களின் சாப்பாட்டுப் பைகள்தான் உட்கார்ந்திருந்தன.

அவள் படித்தது தொல்லியல். மண்ணைத் தோண்டி, முன்னால் இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கிற படிப்பு. கல்லூரியில் அவளுக்குக் கொடுத்ததோ வரலாறு, அதிலும் பாதி பிரெஞ்சுப் புரட்சி. ராஜாவின் தலை உருளும்வரை பையன்கள் ஒருமாதிரி விழித்திருப்பார்கள். உருண்டதும் தூங்கிவிடுவார்கள். அதனால் வாரத்தில் ஒருநாள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, தோள்பையிலிருந்து பானை ஓடுகளை மேசைமேல் கொட்டுவாள். ஆளுக்கு ஒன்று.

"இது சமைச்ச பானையா, தண்ணி வச்ச பானையா? பார்த்துச் சொல்லுங்க."

தேவயானி என்கிற மாணவி தன் ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள். "சமைச்சதுதான் மேடம். அடி தீஞ்சிருக்கு. எங்கம்மா வைக்கிற சோறு மாதிரியே."

"உங்கம்மா பானையை இன்னும் ஆயிரம் வருஷம் கழிச்சு எவளாவது தோண்டி எடுப்பா. இந்த வீட்டுக்காரம்மா அடுப்பை மறந்துட்டு எதிர்வீட்ல பேசப் போயிட்டாங்கன்னு எழுதி வைப்பா. இப்பவே உங்கம்மாகிட்ட சொல்லிடு."

கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் கல்லூரிக் கழிப்பறையில் பெயர்ந்து கிடந்த ஓட்டை உடைத்து, சேற்றில் புரட்டிக் காயவைத்து, சோழர் காலம் என்று கொண்டுவந்து நீட்டினான். ஷாஹீதா அதை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். "வயசு ஏழு. நம்ம ஜென்ட்ஸ் பாத்ரூம். எடுத்த இடத்துல வச்சிட்டு கையைக் கழுவு" என்றாள். அன்றைக்கு வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

எப்போதும் தரையையே பார்த்துக்கொண்டு நடப்பதால் பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் தரை மேடம். அது அவளுக்குத் தெரியும். ஒருநாள் கரும்பலகையில் யாரோ அதை எழுதி வைத்திருந்தபோது, எழுத்துப் பிழை இல்லை என்று பக்கத்தில் டிக் அடித்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள்.

அவள் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயம் ஒரு பஸ் பழுது. 1992-இல் செங்கல்பட்டு போகிற பஸ் ஏரிக்குக் கிழக்கே பானைமேட்டுப் பக்கம் நின்றுவிட்டது. மற்றவர்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, ஷாஹீதா இறங்கி மேட்டுக்கு நடந்தாள். எலி வளையிலிருந்து வெளியே தள்ளிய மண்ணில், உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. அவள் சென்னையில் படித்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த ஓடுகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையவை. பஸ் சரியாகிப் புறப்பட்டுப் போனதை அவள் கவனிக்கவில்லை. பஸ்ஸில் விட்ட பையைக் கண்டக்டர் மறுநாள் கடைத்தெருவில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மேட்டை ஒட்டி, ஏரியின் ஓரப் பள்ளத்தில் ஒரு காலனி. இருபத்தாறு குடிசைகள். எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைக்கிறவர்கள். சொந்தமாகக் கையகல மண் கிடையாது. ஐப்பசியில் ஏரி நிரம்பினால் தண்ணீர் முதலில் இவர்கள் அடுப்பில் ஏறும். அப்போது குழந்தைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். மேடு மட்டும் நனையாது. ஆனால் மேடு புறம்போக்கு, அரசாங்கத்துடையது.

ஷாஹீதா வருடா வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தாள். தையில் காலனி வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து ஓடுகளைப் பரப்பி, அந்த மக்களுக்கே கண்காட்சி நடத்தினாள். இங்கே முன்பு ஒரு ஊர் இருந்தது, வீடு கட்டி அடுப்பு மூட்டி வாழ்ந்தார்கள் என்று விளக்கினாள். முதல் வருடமே செல்லாயி ஒரு கேள்வி கேட்டாள். களைக்கொட்டு பிடித்துக் காய்த்த கையும், அதைவிடக் காய்த்த வாயும் உள்ளவள்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே இந்த மேட்ல வூடு கட்டிக்கினு இருந்தாங்களா டீச்சரம்மா? அவங்களுக்கு யாரு பட்டா குடுத்தது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷாஹீதாவும் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

1999-இல் சாலை போடுவதற்காக லாரிகள் மேட்டு மண்ணை அள்ள ஆரம்பித்தன. ஷாஹீதா நான்கு பக்கத்துக்கு மனு எழுதினாள். பானைமேடு பழைய ஊர் இருந்த இடம், இங்கே எந்த வேலையும் நடக்க அனுமதிக்கக் கூடாது. மூன்று மாதத்தில் லாரிகள் நின்றுவிட்டன. வாழ்க்கையில் அவள் எழுதி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை. மனுவின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

பிறகு அகழாய்வு உரிமத்துக்கு அலைந்தாள். தன் பழைய பேராசிரியர் மூலமாக விண்ணப்பம், திருத்தம், மறுபடி விண்ணப்பம். 2003 பிப்ரவரியில் உரிமம் வந்தது. மார்ச் முப்பத்தொன்று வரை மேட்டில் தோண்டலாம். கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் தம்பி முஸ்தபாவிடம் போய் நைலான் கயிறு, முளைக்குச்சி, பெயின்ட் எல்லாம் எடுத்துக்கொண்டாள்.

"ஆபா, ஊர்ல எல்லாரும் பூமியில போட்டு மூடுறதுக்கு சாமான் வாங்கிட்டுப் போறாங்க. எடுக்கறதுக்கு வாங்கறது நீ ஒருத்திதான்" என்றான் முஸ்தபா.

"உன் கடையும் ஒருநாள் மண்ணுக்குள்ள போகும். அப்ப எவளாவது வந்து தராசைப் பார்த்து உன் யோக்கியதையைக் கண்டுபிடிப்பா."

"அதுக்குள்ள எலக்ட்ரானிக் தராசு வாங்கிடறேன்."

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாணவர்களோடு மேட்டில் கட்டம் போட்டாள். அகழாய்வில் முதல் வேலை அதுதான். நிலத்தைச் சதுரமாகப் பிரித்து நம்பர் கொடுத்தால்தான் எது எங்கே கிடைத்தது என்று எழுத முடியும். அவளிடம் இருந்த ஆளுக்கும் நாளுக்கும் இரண்டு சதுரம் போதும். ஆனால் மேடு முழுக்கக் கட்டம் கட்டினால்தான் அவளுக்கு மனசு ஆறும். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டராக இருபத்தெட்டு சதுரம். மூலைக்கு மூலை முளைக்குச்சி, நடுவே கயிறு, கயிற்றடியில் சுண்ணாம்புக் கோடு, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் எழுதிய பலகை. ஞாயிறு சாயங்காலம் நின்று பார்த்தபோது மேடு கணக்கு நோட்டு மாதிரி இருந்தது. ஷாஹீதா அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாளாம். முஸ்தபா சொல்கிறான்.

திங்கட்கிழமை காலை மேட்டில் ஏறினால், இருபத்தாறு சதுரத்தில் ஆள்.

ஒரு சதுரத்தில் முளைக்குச்சியில் ஆடு கட்டியிருந்தது. ஒன்றில் கயிற்றுக்கட்டில் போட்டு ஒரு கிழவர் படுத்திருந்தார். இன்னொன்றில் வேப்பங்கொத்து நட்டு, குங்குமம் வைத்திருந்தார்கள். கோட்டைத் தாண்டியதற்காக இரண்டு பெண்கள் ஏற்கெனவே சண்டையில் இருந்தார்கள். செல்லாயியின் புருஷன் இருசப்பன், ஷாஹீதாவுக்காகத் தோண்ட வர வேண்டியவர், 'சி-3' பலகைக்குப் பக்கத்தில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவரைச் சட்டையோடு அவள் பார்த்ததே இல்லை.

"இன்னாண்ணே இது?" என்றாள். படபடப்பில் அவளுக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

"பட்டா மேடம். தோ, நம்பர் போட்டு கீதே. நமக்கு சி மூணு. விடியறதுக்குள்ள வந்துட்டோம், அதான் நடுவுல கெடைச்சுது. முனிரத்தினம் தூங்கிட்டான், அவனுக்கு ஓரம்."

"அண்ணே, இது..."

"எனக்குத் தெரியும் மேடம். வெளிய சொல்லக்கூடாது, ஆர்டர் வர்றவரைக்கும். நான் யாருகிட்டயும் சொல்லல."

காலனி மொத்தமும் அங்கே நின்றது. சொல்லாமல் விட்ட ஆள் இன்னும் பிறக்கவில்லை.

செல்லாயி மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். "பொங்கிடுச்சு டீச்சரம்மா. பத்து வருசமா குனிஞ்சு குனிஞ்சு இன்னா பாக்கறேன்னு கேலி பண்ணோம். எங்களுக்கு எடம் பாத்துக்கினு இருந்திருக்கே. மொத டம்ளர் உனக்குத்தான்."

ஷாஹீதா அதைக் குடித்தாள். வேறு என்ன செய்ய முடியும்? சூடு நாக்கைப் பொசுக்கியது. அந்தச் சாக்கில் பேசாமல் இருந்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் வேதகிரியைத் தேடிப் போனாள்.

வேதகிரி மொபெட்டில் வந்து, மேட்டுக்குக் கீழேயே வண்டியை நிறுத்திப் பார்த்தார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தியைக்கூட மெதுவாக, வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொல்கிற ரகம்.

"பத்துக்குப் பத்து மீட்டரு. ரெண்டரை சென்ட்டு. வூட்டுமனைக்கு நாங்க குடுக்கிற அளவுக்கு அப்படியே கீது. நான் அளந்தாகூட இவ்ளோ நேரா வராது மேடம்."

"நீங்க வந்து இது பட்டா இல்லன்னு சொல்லுங்க சார். எனக்கு அம்பது நாள்தான் இருக்கு."

"சொல்றேன். எறங்கலன்னா போலீசைக்கூடக் கூப்பிடலாம். ஆனா ஏன் பட்டா இல்லன்னு கேப்பாங்களே. இன்னா சொல்றது? உங்க பேரைச் சொல்லிடட்டுமா?"

"என் பேரா?"

வேதகிரி துப்பிவிட்டு வந்தார். "உங்களுக்குத் தெரியாதா? இவங்களுக்கு இந்த மேட்டைக் குடுக்கலாம்னு ஃபைல் தொண்ணூத்தெட்டுலயே ஓடுச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அப்போ உங்க மனு வந்து உள்ள உக்காந்துடுச்சு. பழைய ஊரு, ஒரு வேலையும் நடக்கக் கூடாதுன்னு. லாரி நின்னுச்சு. இதுவும் நின்னுச்சு. நல்லா எழுதி இருந்தீங்க மேடம், நானே ரெண்டு தரம் படிச்சேன்."

ஷாஹீதா மொபெட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருடம். நாலு ஐப்பசி. வராந்தாவில் ஈரச் சாக்கில் படுத்திருந்தவர்களுக்கு அவள் ஒவ்வொரு தையிலும் வந்து பானை ஓடு காட்டியிருக்கிறாள்.

"போலீஸ் வேணாம் சார். நானே சொல்றேன்."

மறுநாள் காலையில் மேட்டில் நின்று சொன்னாள். பட்டா இல்லை, இது தோண்டுவதற்குப் போட்ட கட்டம். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். யாரும் கேட்காமலே மனுவைப் பற்றியும் சொன்னாள்.

இருசப்பன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொன்றாக, பொறுமையாக. ஷாஹீதாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

செல்லாயி கிட்டே வந்தாள். அவள் கத்தாதது இன்னும் பயமாக இருந்தது.

"போன மழையில எம் பேத்திக்கு மார்ச்சளி கட்டி, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கெடந்தோம். நீ வந்து பாத்தே. ஆரஞ்சுப் பயம் வாங்கியாந்தே."

"ஆமாக்கா."

"செத்தவங்க பானைக்கு மனு எழுதத் தெரிஞ்சவளுக்கு, இருக்கறவங்க பானை மெதக்குறது கண்ணுல படல. அவ்ளோதான். போ."

ஷாஹீதா போகவில்லை. மேட்டைச் சுற்றி நடந்தாள். இரண்டு சுற்று. மாணவர்கள் மம்முட்டியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். மூன்றாவது சுற்றில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். மேடு முழுக்கப் பழைய ஊர் இருந்திருக்காது. எங்கே இருந்தது, எங்கே இல்லை என்று தோண்டிப் பார்த்தால் தெரியும். இல்லாத இடத்துக்கு என் மனுவை வாபஸ் வாங்கி எழுதித் தருகிறேன். இருபத்தெட்டு குழி போட வேண்டும். என்னிடம் அவ்வளவு ஆள் இல்லை.

"நாங்களே தோண்டணுமா?" என்றார் முனிரத்தினம்.

"அவங்கவங்க சதுரத்துல அவங்கவங்க. ஓடு கும்பலா வந்தா அது எனக்கு. வரலன்னா உங்களுக்கு."

பதினைந்து வருடம் தொல்லியல் படித்தவள் செய்யக் கூடாத தப்பு இது. மறுநாள் குழிக்கு ஒன்றாக வைத்திருந்த சாக்குப்பைகளைத் திறந்தால், இருபத்தாறும் காலி. ஒரு துண்டு ஓடு இல்லை. உலகத்திலேயே ஓடு கிடைக்காத பானைமேடு அதுதான். ஆனால் காலனிக்கு இறங்குகிற பாதை மட்டும் புதிதாகக் கருப்பும் சிவப்புமாக மின்னியது.

"பாதைக்கு யாரோ ஓடு பதிச்சிருக்காங்க மேடம்" என்றாள் தேவயானி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சரி, யாரும் தன் சதுரத்தில் தோண்டக் கூடாது, பக்கத்துச் சதுரத்தில் தோண்டுங்கள் என்று மாற்றினாள். அடுத்த நாள் எல்லாச் சாக்கும் நிரம்பி வழிந்தது. முனிரத்தினம் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் சொம்பு மூடிகூடக் கிடைத்திருந்தது. தன் வீட்டிலிருந்து யாரோ எடுத்துவந்து போட்டது என்று அவர் சத்தியம் செய்தார். அவரோடு சண்டையில் இருந்தவர்கள் அது இரண்டாயிரம் வருடத்து மூடி என்று சத்தியம் செய்தார்கள்.

ஷாஹீதா சிரித்துவிட்டாள். செல்லாயிக்கும் வாய் ஓரம் துடித்தது. உடனே முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் பாக்க, ஒரு நேரத்துக்கு ஒரு குழி போடு. எவன் கையும் பைக்குள்ள போவாது" என்றாள் செல்லாயி. அதுதான் சரியான வழி. ஷாஹீதாவுக்கு அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அப்படியே செய்தார்கள். நடவு முடிந்து வேலை இல்லாத நாட்கள். குழியைச் சுற்றிக் காலனியே உட்கார்ந்திருக்கும், கோழிச் சண்டை பார்க்கிற மாதிரி. ஒவ்வொரு சாணுக்கும் இருசப்பன் மண்ணை அள்ளி வெளியே போடுவார், பெண்கள் சல்லடையில் சலிப்பார்கள். சதுரத்துக்கு உரியவர் அதுவரை மூச்சு விடமாட்டார். ஓடு வந்தால் ஒரு பெருமூச்சு கேட்கும். வராவிட்டால் யாராவது ஒருத்தி தொடையைத் தட்டுவாள். ஷாஹீதாவுக்குள் இது நேர்மாறாக நடந்தது. ஓடு வந்தால் உள்ளே ஏதோ துள்ளும். உடனே அந்தச் சதுரத்துக்காரர் முகம் கண்ணில் படும். பதினோரு வருடம் காத்திருந்த அகழாய்வை அவள் ஒருநாள்கூட நிம்மதியாக அனுபவிக்கவில்லை.

வடக்குப் பக்கம் ஒன்பது சதுரத்தில் பழைய ஊர் இருந்தது. சாம்பல், அடுப்பு, இடித்துக் கெட்டித்த தரை. செல்லாயியின் சி-3-இல் சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கிணறே வந்தது. தேவயானி கை தட்டினாள். செல்லாயி எழுந்து போய் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தெற்குப் பக்கம் பத்தொன்பது சதுரத்தில் மேலாக இரண்டொரு துண்டு, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிற ஏரி வண்டல். எந்தக் காலத்திலோ வந்த வெள்ளம் கொண்டுவந்து போட்டது. ஒவ்வொன்றிலும் அறுபது சென்டிமீட்டர் ஆழத்தில் வண்டலைத் தொட்டு நிறுத்தினார்கள்.

மார்ச் முப்பதாம் தேதி கடைசிக் குழி. தெற்கு மூலை. இருசப்பன் வேலையை முடித்துக் குழிக்குள் நின்றபடி கடப்பாரையைச் சும்மா வண்டலில் இறக்கினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி சத்தமில்லாமல் போனது. ஒரு சாண் தாண்டியதும் கறக் என்றது.

இருசப்பன் நின்றார். இன்னொரு தரம் குத்தினார். கறக்.

நிலத்தில் நாற்பது வருடம் மம்முட்டி பிடித்தவருக்கும், பானை ஓட்டோடு பதினைந்து வருடம் வாழ்ந்தவளுக்கும் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்ல யாரும் வேண்டியதில்லை. வெள்ளத்துக்கு முன்னாலும் இங்கே யாரோ இருந்திருக்கிறார்கள். வடக்கே கிடைத்ததைவிடப் பழையவர்கள். மேலே சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஓடு வராத சந்தோஷத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அடியில வேற மாதிரி பேசுது மேடம். இன்னும் மொழம் வெட்டட்டா?" என்றார் இருசப்பன், மெதுவாக.

கை அவளை அறியாமல் கொத்துக்கரண்டியைத் தேடியது. ஒரு நாள் பாக்கி இருந்தது. ஒரு நாள் போதும். ஆனால் ஓடு வந்தால் காலனிக்குப் பத்தொன்பது சதுரமும் போய்விடும்.

"வேணாண்ணே. மூடிடுங்க" என்றாள்.

அந்தக் கடிதத்தை ஏழு தடவை எழுதினாள், நின்றுகொண்டேதான். தென்பகுதிப் பத்தொன்பது சதுரங்களில், மேல்மட்டத்திலிருந்து அறுபது சென்டிமீட்டர் ஆழம் வரை, பாதுகாக்க வேண்டிய எச்சம் எதுவும் காணப்படவில்லை. அப்பகுதியைப் பொறுத்து என் முந்தைய மனுவைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வேதகிரி படித்துவிட்டுக் கேட்டார். "அறுபது சென்டிமீட்டர்னு எதுக்கு மேடம்? எதுவும் இல்லன்னா போதுமே."

"அது இருக்கட்டும் சார்."

பத்தொன்பது சதுரத்தை இருபத்தாறாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஷாஹீதாவே டேப்பைப் பிடித்து அளந்து கொடுத்தாள். ஆளுக்கு இரண்டு சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைச்சல். சாணுக்குச் சாண் சண்டை. குலுக்கிப் போட்டதில் செல்லாயிக்கு விழுந்தது தெற்கு மூலை. இருசப்பன் ஷாஹீதாவைப் பார்த்தார். ஷாஹீதா டேப்பைச் சுற்றினாள்.

பட்டா வர இன்னும் இரண்டு மழை ஆனது. 2005-இல் பட்டாவும் வந்து, அதோடு அரசாங்கத் தொகுப்பு வீடும் வந்தது. வண்டல் மண் என்பதால் அஸ்திவாரத்துக்கு நாலடிக்குக் கடக்கால் எடுக்க வேண்டும் என்றார் பெருமாள் மேஸ்திரி. கம்பியெல்லாம் முஸ்தபா கடையிலிருந்துதான் போனது.

"ஆபா, மேட்டுக்கு இன்னைக்கு ரெண்டு வூட்டுக்குக் கம்பி போயிருக்கு" என்பான். மறுநாள் முதல் பஸ்ஸில் ஷாஹீதா நிற்பாள். இருபது நாளில் பதினொரு கடக்கால், ஒன்றைக்கூட விடவில்லை. குழி ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பாள். மம்முட்டி விழும்போதெல்லாம் கழுத்து நீளும். பதினொன்றிலும் வண்டல்தான். வேலை முடிந்ததும் காலனிக்காரர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுவாள். மேடம் வந்து நின்றால் வீடு நல்லா வரும் என்று ஒரு பேச்சுக்கூடக் கிளம்பிவிட்டது. அவள் மறுக்கவில்லை. வேறு என்ன காரணம் சொல்வாள்?

பன்னிரண்டாவது செல்லாயி வீடு. இருசப்பனே தன் வீட்டுக்குக் கடக்கால் எடுத்தார். இரண்டடி வரை மேல்மண்தான் வந்தது. மூன்றாவது அடியில் மம்முட்டி கறக் என்றது. புரட்டியபோது மண்ணோடு ஒரு கூடை ஓடு வந்தது. அவள் இதுவரை எங்கும் பார்க்காத ரகம். தடித்த கழுத்து, அதைச் சுற்றி விரல் நுனியால் அழுத்திய வரிசை. அழுத்தின விரல் சின்னது.

பெருமாள் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது. சுடுகாட்டு மேல வூடு கட்டச் சொல்றியா?"

"பானை. உன் வூட்ல பானை இல்லியா?" என்றாள் செல்லாயி. ஆனால் குரல் அவளுடையதாக இல்லை. கண் ஷாஹீதா மேல் இருந்தது.

"மேடம், நீங்கதான் படிச்சவங்க. இதெல்லாம் ஆபீசுக்குச் சொல்லணும் இல்ல? வேலைய நிறுத்தட்டா?" என்றார் மேஸ்திரி.

இருசப்பன் மம்முட்டியை ஊன்றி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சொன்னால் இந்த வீட்டு வேலை நின்றுவிடும். இதோடு மற்ற பதினான்கும் நிற்கும், இன்னும் எத்தனை மழைக்கோ. சொல்லாவிட்டால் அந்தச் சின்ன விரல்காரி மறுபடியும் கல்லுக்கும் சிமெண்டுக்கும் அடியில் போய்விடுவாள்.

ஷாஹீதா குடையை மடக்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடக்காலுக்குள் இறங்கினாள். பையிலிருந்து நோட்டை எடுத்து, டேப்பால் ஆழத்தை அளந்து எழுதினாள். எண்பத்தெட்டு சென்டிமீட்டர், தெற்கு மூலை.

"நிறுத்தாதீங்க மேஸ்திரி. அண்ணே, நீங்க வெட்டிக்கினே போங்க. நான் பின்னாலயே பொறுக்கிக்கிறேன். அக்கா, ஒரு கூடை குடுங்க."

செல்லாயி கூடையை நீட்டவில்லை. அவளே அதோடு உள்ளே இறங்கி, பக்கத்தில் குந்தினாள்.

"இதுவா பாரு. இதுவா? சீக்கிரம் பொறுக்கு டீச்சரம்மா. கல்லு வண்டி பதினோரு மணிக்கு வந்துடும்."